வடவன்னூரில் ஒரு தாய்வீடு

எம்.ஜி.ஆரின் கதையைச் சொல்பவர்கள் கண்டி, நாவலப்பிட்டி என்று ஆரம்பித்து நேராகக் கும்பகோணத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கிருந்து நாடகக் கம்பெனி, கோடம்பாக்கம், ராமாவரம் தோட்டம், கோட்டை. நடுவில் இன்னொரு ஊர் உண்டு. பாலக்காடு மாவட்டத்தில், கொல்லங்கோட்டுக்கும் புதுநகரத்துக்கும் இடையில், நெல் வயலும் கரும்பனையுமாக இருக்கிற வடவன்னூர். அவருடைய அம்மா சத்யபாமா அந்த ஊர்க்காரர். அவர்கள் குடும்பத்து வீடு அங்கே இருக்கிறது. இடிந்து போகும் நிலையிலிருந்து மீட்கப்பட்டு, இப்போது நினைவு இல்லமாக நிற்கிறது. அந்த வீட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் எழுதத் தொடங்கினால் அவரைவிட அவருடைய அம்மாவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி. வரைபடத்தில் எங்கள் ஊர் கேரளா. மண் கரிசல். மழை மேற்கே பாலக்காட்டில் பெய்வதில் பாதிகூட எங்களுக்கு இல்லை. நிலக்கடலையும் தென்னையும்தான் பிழைப்பு. சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளாவின் கள்ளுக்கடைகளுக்குப் பெரும்பங்கு கள் போகிறது. வீட்டில் பேசுவது தமிழ், படித்தது தமிழ் வழிப் பள்ளி, ரேஷன் கார்டு கேரள அரசு. அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டுச் சுவரில் பழனி முருகன் படத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர் படம் இருந்தது. வெள்ளிக்கிழமை முருகனுக்குப் பூ வைத்தால் இவருக்கும் ஒரு துண்டு கிள்ளி வைப்பார். ஒரு தேர்தலில்கூட அம்மாயி அவருக்கு ஓட்டுப் போட்டதில்லை. போடவும் முடியாது, ஓட்டு இந்தப் பக்கம். ஆனாலும் 1987 டிசம்பர் 24 அன்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தும், அவருடைய தாய்வீடு சித்தூர் தாண்டிச் சற்றுத் தூரத்தில்தான் இருக்கிறது என்பதை யாரும் எங்களிடம் ஒரு விஷயமாகச் சொன்னதில்லை. மாமாதான் ஒரு நாள் கூப்பிட்டார். தமிழ் வழிப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அம்மிணி, நாளைக்குச் சும்மாதான இருக்கற? வடவன்னூரு போய்ட்டு வந்தர்லாமா?"

"போலாமுங் மாமா."

நாட்டுக்கல் வழியாகச் சித்தூர், தத்தமங்கலம், அப்புறம் புதுநகரம். தூரம் பெரிதில்லை, ஆனால் போகப் போக நிலம் மாறுவது நன்றாகத் தெரியும். எங்கள் ஊர்க் கரிசலும் முள்ளும் போய் வயல் வரும். தெற்கே நெல்லியாம்பதி மலை எழுந்து கூடவே வரும். புதுநகரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே ராவுத்தர் குடும்பங்கள் நிறைய. பலர் வீட்டில் பேசுவது இன்றும் தமிழ்தான். டீக்கடைக்காரரிடம் மாமா மலையாளத்தில் வழி கேட்டார், அவர் தமிழில் பதில் சொன்னார். எங்கள் பக்கத்தில் இது தினமும் நடப்பதுதான்.

வீடு பெரிதில்லை. கேரளத்து நாயர் தறவாடு, அதாவது கூட்டுக் குடும்ப வீடு, என்றதும் நாலுகெட்டும் நடுமுற்றமும் மரத்தூண்களுமாக ஒரு மாளிகை மனதில் வந்துவிடுகிறது. அப்படி எதிர்பார்த்துப் போகாதீர்கள். கிராமத்தில் கொஞ்சம் வசதியாக இருந்த ஒரு குடும்பத்தின் ஓட்டு வீடு, அவ்வளவுதான். சென்னை மேயராக இருந்த சைதை துரைசாமி தன் மனிதநேய அறக்கட்டளை மூலம் இதைப் புதுப்பித்தார். 2019-ல் அப்போதைய கேரள ஆளுநர் சதாசிவம் திறந்து வைத்தார். பழைய வீட்டின் அமைப்பை மாற்றாமல் செய்திருக்கிறார்கள். உள்ளே எம்.ஜி.ஆரின் படங்கள். சினிமாப் படங்கள், மேடைப் படங்கள், தலைவர்களோடு நிற்கும் படங்கள். மாமா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று வருஷம் சொல்லிக்கொண்டே வந்தார். 1936-ல் முதல் படம். 1953-ல் தி.மு.க. 1967 ஜனவரி 12-ல் கழுத்தில் குண்டு. 1972 அக்டோபர் 17-ல் தனிக்கட்சி. 1977-ல் முதலமைச்சர். இதெல்லாம் எனக்கும் மனப்பாடம். எங்கள் தலைமுறைக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததில்லை.

நான் அந்த அறையில் தேடியது வேறு. இந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை.

சத்யபாமாவின் கணவர் மேலக்கத்து கோபால மேனன் இலங்கையில் வேலை பார்த்தவர். மூத்த மகன் சக்கரபாணி 1911-ல் பிறந்தவர். இளையவர் இராமச்சந்திரன் 1917 ஜனவரி 17-ல் நாவலப்பிட்டியில் பிறந்தார். இளையவருக்கு மூன்று வயது நிரம்பும் முன்பே தகப்பனார் இறந்துவிட்டார். கையில் இரண்டு பையன்கள். பிறந்த ஊர் இது.

இந்த இடத்தில் அந்தக் காலத்து மலபாரின் சொத்து முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய நிலைமை புரியாது. நாயர் குடும்பங்களில் மருமக்கத்தாயம் இருந்தது. வம்சம் பெண் வழியில் போகும். பிள்ளைகள் அம்மாவின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள், அதனால்தான் எம்.ஜி.ஆர் பெயரின் முதல் எழுத்து அம்மா குடும்பத்தின் மருதூர், இரண்டாவதுதான் அப்பா கோபாலன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் பெண்களுக்குச் சாதகமான முறை என்று புகழ்வார்கள். ஓரளவு உண்மை. ஆனால் ஒரு ஆண் இறந்தால் அவனுடைய சொத்து அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகாது, அவனுடைய தறவாட்டுக்கு, அதாவது அவன் அக்கா தங்கைகளின் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்குப் போகும். விதவைக்குக் கணவன் வழியில் கைக்கு எதுவும் வராது. சரி, அம்மா வீட்டுச் சொத்தில் பங்கு உண்டே என்றால், அதுவும் பிரித்துக் கையில் கொடுக்கிற பங்கு இல்லை. எல்லாரும் சம்மதித்தால் ஒழியப் பாகம் பிரிக்க முடியாது. வரவு செலவு மூத்த ஆணான காரணவர் கையில். அங்கேயே இருந்தால் சோறு உண்டு, அவ்வளவுதான் உரிமை. அந்தச் சோறும் மனஸ்தாபம் இல்லாமல் கிடைக்குமா என்பது அந்தந்த வீட்டைப் பொறுத்தது.

மனைவி, பிள்ளைகளுக்குக் கணவன் தானாகச் சம்பாதித்த சொத்தில் உரிமை என்பது மலபாரில் 1933-ல் நடைமுறைக்கு வந்த சென்னை மருமக்கத்தாயச் சட்டத்துக்குப் பிறகுதான். அந்தச் சட்டம் வந்தபோது சத்யபாமாவின் இளைய மகனுக்கே 16 வயது, நாடக மேடையில் இருந்தார். அந்த அம்மாவுக்கு அந்தச் சட்டம் பத்துப் பன்னிரண்டு வருஷம் தாமதம்.

இந்தத் திண்ணையை விட்டு அவர் இறங்கிப் போனதற்கு என்ன காரணம் என்று மாமா கேட்டபோது நான் இதைத்தான் சொன்னேன். சொந்தக் காலில் நிற்க வேண்டுமென்றால் அவருக்கு இந்த ஊரில் வழி இருந்திருக்காது என்பது என் எண்ணம். கும்பகோணத்தில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் அப்போது ரயில் பாதையே கிடையாது, அது 1932-ல்தான் வந்தது. இன்று பாலக்காடு ஜங்ஷன் என்று சொல்கிற ஒலவக்கோட்டில் ஏறிப் போத்தனூர், ஈரோடு, திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றித்தான் போயிருக்க வேண்டும். ஒரு கையில் சின்னவன், ஒரு கையில் பெரியவன், என்ன மூட்டை கொண்டுபோயிருப்பார், வழியில் பையன்களுக்குச் சாப்பிட என்ன கட்டிக்கொண்டு போயிருப்பார் என்றெல்லாம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். மாமா குறுக்கே பேசவில்லை.

கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளியில் சேர்த்தார். மூன்றாம் வகுப்போடு நின்றது. அண்ணனும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். நாடகக் கம்பெனிக்குப் பிள்ளைகளை அனுப்புவது அன்று கலை ஆர்வத்தால் மட்டும் நடந்ததில்லை. பாய்ஸ் கம்பெனியில் பையன்களுக்கு இருக்க இடமும் மூன்று வேளைச் சோறும் உண்டு. பெற்ற பிள்ளைக்குத் தன்னால் போட முடியாத சோறு வேறு இடத்தில் கிடைக்கும் என்று ஏழு வயதுப் பையனை அனுப்பிய எத்தனையோ தாய்மார்களில் சத்யபாமாவும் ஒருவர்.

அந்தச் சின்ன வயதுப் பசியை எம்.ஜி.ஆர் கடைசி வரை மறைக்கவில்லை. முதலமைச்சரான பிறகும் பேசினார். அழ மட்டுமே தெரிந்த வயதில் பட்டினி கிடந்ததையும், பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கொடுத்த அரிசிக் கஞ்சிதான் தங்களைச் சாவிலிருந்து காப்பாற்றியது என்பதையும் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் திட்டம் தன்னுடைய அந்த அனுபவத்திலிருந்து வந்தது என்றும் சொன்னார். ஒரு மாநிலத்தின் முதலமைச்சர், அதுவும் கோடிக்கணக்கான பேர் கடவுள் மாதிரி பார்த்த ஒரு நடிகர், நான் பக்கத்து வீட்டுக் கஞ்சி குடித்துப் பிழைத்தவன் என்று ஊரறியச் சொன்னதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். சினிமாவில் அவர் சொன்ன எந்த வசனத்தையும்விட இது பெரிது.

இனி, இந்த வீட்டைப் பற்றி எனக்கு மிக முக்கியமாகப் பட்ட சங்கதி. நினைவு இல்லம் ஆவதற்கு முன்பு இது அங்கன்வாடி. ஆமாம், வருஷக்கணக்காக இந்த வீட்டில் ஊர்க் குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் வெளியே நின்றிருந்த ஒரு பெண். அந்தப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். தன் மகன் இங்கேதான் அங்கன்வாடிக்கு வந்தான் என்று மலையாளத்தில் சொன்னார். மழைக்காலத்தில் ஓடு ஒழுகும், குழந்தைகளை ஒரு ஓரத்தில் நகர்த்தி உட்கார வைப்பார்களாம். மகன் இப்போது கோயம்புத்தூரில் வேலை. எம்.ஜி.ஆர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன் என்று அங்கே கூட வேலை பார்ப்பவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் உள்ளே எந்தப் படத்திலும் பார்க்கவில்லை.

அங்கன்வாடி மத்திய அரசின் திட்டம். 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஆரம்பித்தது. ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு உணவு, தடுப்பூசி, கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் படிப்பு, கூடவே கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கவனிப்பு. கிராமங்களில் அதற்குச் சொந்தக் கட்டிடம் கிடைப்பது கஷ்டம். காலியாக இருக்கிற வீடு, கோயில் மண்டபம், யாராவது இரக்கப்பட்டுக் கொடுக்கும் திண்ணை என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நடக்கும். வடவன்னூரில் அது இந்த வீட்டில் நடந்தது. எம்.ஜி.ஆருக்காக என்று திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. இடம் கிடைத்தது, நடத்தினார்கள். ஆனால் பசித்த பையன் ஒருவன் தவழ்ந்து நடந்த தரையில் ஊர்ப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றால், அதைவிடப் பொருத்தமாக அவரை யாரால் நினைவுகூர முடியும்?

அதற்காக வீட்டைப் புதுப்பித்திருக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒழுகும் ஓட்டின் கீழ் குழந்தைகளை உட்கார வைப்பது நல்லதா? அப்படியே விட்டிருந்தால் இன்னும் சில மழையில் சுவரும் போயிருக்கும். துரைசாமி செலவழித்துச் செய்தது நன்றிக்குரிய காரியம். தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே இருக்கிற, வாக்கு வங்கி என்று எதுவும் இல்லாத ஊரில் ஒரு வீட்டைக் காப்பாற்ற ஒருவர் நினைத்தாரே என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் அதே எண்ணம்தான். என் ஆசை, இந்த வீடு சொல்லும் கதையில் அந்த அங்கன்வாடிக் காலமும் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பது.

சத்துணவைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு என்பதை எம்.ஜி.ஆர் கண்டுபிடித்தார் என்று சிலர் சொல்வது சரியில்லை. 1920-லேயே நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைச் செய்து பார்த்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டு போனார். எம்.ஜி.ஆர் செய்தது அதன் அளவை மாற்றியது. 1982 ஜூலை 1-ல் திருச்சி பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் தொடங்கினார். கிராமப்புறத்தில் இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பாலர் மையங்களில், ஐந்து முதல் ஒன்பது வயதுவரை தொடக்கப் பள்ளிகளில் தினமும் சமைத்த சூடான சாப்பாடு. அதே வருஷம் செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. 1984-ல் பதினைந்து வயது வரை நீட்டினார்கள். இவ்வளவு பணம் சோற்றுக்கா, தொழிற்சாலை கட்டலாமே என்ற எதிர்ப்பு அன்று பலமாக வந்தது. அவர் கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் நாடே இந்த வழிக்கு வந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களிலும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது.

அந்தத் திட்டத்தில் ஆட்கள் எடுத்த விதத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் வேலைகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். அதாவது, பசித்த பிள்ளைக்குச் சோறு, அந்தச் சோற்றைப் பொங்கிப் போட ஒரு விதவைத் தாய்க்குச் சம்பளம். இது எனக்குத் தெரிந்து எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலிருந்தும் வந்த யோசனையாகத் தோன்றவில்லை. 1920-களில் அப்படி ஒரு வேலை சத்யபாமாவுக்குக் கிடைத்திருந்தால் ஏழு வயது மகனை நாடகக் கம்பெனிக்கு அனுப்பியிருக்க மாட்டார். எம்.ஜி.ஆர் தன் அம்மாவுக்கு ராமாவரம் தோட்டத்தில் கோயில் கட்டினார், அவர் பெயரில் சத்யா ஸ்டூடியோ நடத்தினார். என் கணக்கில் அவர் அம்மாவுக்குச் செய்த பெரிய மரியாதை அந்த விதவைப் பெண்களுக்குக் கொடுத்த கரண்டிதான்.

இந்தப் பக்கத்து நிலவரமும் சொல்கிறேன். கேரளாவில் நான் படித்த காலத்தில், 1980-களின் கடைசியில், பள்ளியில் கஞ்சியும் பயறும் போடுவார்கள். அதற்கு முந்தைய தலைமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்த தானியத்தில் செய்த மஞ்சள் உப்புமா. அம்மாவுக்கு அந்த வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்குக் கஞ்சி. பெரிய அலுமினியக் குண்டானிலிருந்து ஆயாம்மா மொண்டு ஊற்றுவார், மேலே வேகவைத்த பச்சைப்பயறு. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அன்றைக்கு அதுதான் முதல் சாப்பாடு. எங்களுக்குத் தமிழ்ப் பாடம் எடுத்த வாத்தியார் ஒருவர் கஞ்சி வாங்காத பிள்ளைகளையும் வரிசையில் நிற்கச் சொல்வார், வாங்குகிறவர்களுக்குக் கூச்சம் வரக்கூடாதென்று. அவர்தான் மாமா. இதை அவரிடம் ஞாபகப்படுத்தினேன். "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்று நடந்து போய்விட்டார்.

எல்லைக்காரர்களாகிய எங்களுக்கு இந்த வீடு வேறு ஒரு காரணத்துக்காகவும் நெருக்கம். எழுபதுகளில் அவரை எதிர்த்தவர்கள் மேடையில் எடுத்த முதல் ஆயுதம் அவர் மலையாளி என்பது. பிறந்தது இலங்கை, குடும்பம் கேரளா, இவர் எப்படித் தமிழ்நாட்டை ஆளலாம் என்றார்கள். எங்களுக்கு அதன் மறுபக்கம் தெரியும். பாலக்காடு டவுனில் கல்லூரிக்குப் போன காலத்தில் என்னைப் பாண்டி என்று சொன்னவர்கள் உண்டு. கோயம்புத்தூரில் சித்தி வீட்டுக்குப் போனால் தெருவில் மலையாளத்துப் பொண்ணு. இரண்டு பக்கமும் வெளியாள் ஆக்கப்படுவது என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சத்யபாமா கும்பகோணம் போன காலத்தில் பாலக்காடு மலபார் மாவட்டம். மலபார் சென்னை மாகாணத்தில். கும்பகோணமும் அதே மாகாணம். எங்கள் சித்தூர்தான் அன்று கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. மாநில எல்லை என்று இன்று கோவிந்தாபுரத்திலும் வேலந்தாவளத்திலும் செக்போஸ்ட் போட்டு நிற்கிற கோடு 1956 நவம்பர் 1-ல் வந்தது. அந்த அம்மா தாண்டியது கோடு எதையும் இல்லை. தன் மாகாணத்துக்குள்ளேயே பிழைக்க வழி தேடிப் போன ஒரு விதவை. 36 வருஷம் கழித்து நடுவில் ஒரு கோடு விழுந்தது என்பதற்காக அவர் மகனை அந்நியன் என்றால், எங்கள் அம்மாயியை என்ன சொல்வது? அம்மாயி பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம், வாக்கப்பட்டது கொழிஞ்சாம்பாறை. வாழ்நாளில் மொத்தமாக அவர் நகர்ந்த தூரம் ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணம்.

சென்னை தியாகராய நகர் ஆற்காடு தெருவில் இருக்கிற எம்.ஜி.ஆர் நினைவு இல்லத்துக்கும் நான் போயிருக்கிறேன். அங்கே எல்லாம் இருக்கிறது. 4777 அம்பாசடர் கார், பாடம் செய்து வைத்திருக்கும் சிங்கம், கேடயங்கள், பரிசுகள், உடைகள். கூட்டமும் எப்போதும் இருக்கும். வெளியூரிலிருந்து வரும் வயதான பெண்கள் காரைத் தொட்டுக் கும்பிடுவார்கள். வடவன்னூரில் தொட்டுக் கும்பிட எதுவும் இல்லை. அவர் இங்கே எதையும் சம்பாதிக்கவில்லை, எதையும் விட்டுப்போகவில்லை. நாங்கள் இருந்த நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. எனக்கு இந்த வீடுதான் பிடித்திருந்தது. அங்கே வெற்றி பெற்ற மனிதரைப் பார்க்கிறோம். இங்கே அவர் ஒன்றுமில்லாத குழந்தை. அந்தக் குழந்தை பிழைக்குமா என்பதுகூட அன்று நிச்சயமில்லை. வரலாற்றுத் தலைவர்களின் சின்ன வயது வீடுகளைப் பாதுகாப்பதில் எனக்குத் தெரிந்த ஒரே நியாயம் இதுதான், அந்த நிச்சயமில்லாத நாட்களை நமக்குக் காட்டுவது. பின்னால் நடந்தது தெரியாதவர்களாக அந்தத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார முடிந்தால், அந்தத் தாயின் பயம் என்ன என்று கொஞ்சமாவது தெரியும்.

என்னிடம் யாராவது கேட்டால், அந்தச் சுவரில் மூன்று விஷயம் சேர்க்கச் சொல்வேன். மருமக்கத்தாயம் எப்படி இருந்தது, ஒரு விதவைக்கு அதில் என்ன இடம் என்று தமிழிலும் மலையாளத்திலும் எளிமையாக ஒரு பலகை. இந்த வீட்டில் அங்கன்வாடி நடந்த காலத்துப் படங்கள், இந்த ஊர்க்காரர்களின் வீட்டு ஆல்பங்களில் கட்டாயம் இருக்கும், அங்கே வேலை பார்த்த டீச்சர், ஆயாவின் பெயர்களோடு. அப்புறம், கஞ்சி கொடுத்த அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றி அவர் பேசிய பேச்சு, முழுசாக, பெரிய எழுத்தில், வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி. மற்றப் படங்கள் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

போக நினைப்பவர்களுக்கு: பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம், முதலமடை, கொல்லங்கோடு வழி நல்ல சாலை. மாம்பழக் காலத்தில் போனால் முதலமடையில் வண்டியை நிறுத்தாமல் தாண்ட முடியாது. பாலக்காட்டிலிருந்து புதுநகரம் வழி. பொள்ளாச்சி–பாலக்காடு ரயிலில் வந்தால் கொல்லங்கோட்டில் இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோவில் எம்.ஜி.ஆர் வீடு என்றால் போதும். வயதானவர்களைக் கூட்டிப் போங்கள், அவர்களுக்குத்தான் அந்த வீட்டில் பேச நிறைய இருக்கும்.

திரும்பி வரும்போது மாமா ஒரு யோசனை சொன்னார். வரும் ஜனவரி 17-க்கு, அவர் முன்பு வேலை பார்த்த பள்ளிப் பிள்ளைகளை இங்கே கூட்டி வரலாம் என்று. தலைமையாசிரியரிடம் பேசுகிறேன் என்றார். நான் அதில் ஒன்று சேர்த்தேன், பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிற அம்மாவையும் கூட்டி வர வேண்டும், பிள்ளைகளோடு முன் வரிசையில். "ஆமா அம்மிணி, அவங்க இல்லாம எப்படி" என்றார் மாமா. வண்டிச் செலவில் பாதி நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.